விற்காத நாலு கட்டு

மலைப்பூண்டு என்றாலே பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தையைத்தான் சொல்வார்கள். அது விற்கிற ஊர். விளைகிற ஊர்கள் மேலே இருக்கின்றன. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, எங்கள் பள்ளங்கி.

எங்கள் வீட்டில் பூண்டு போடுவதும் தொழில், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வாங்கிக் கீழே இறக்குவதும் தொழில். தாத்தா மட்டக்குதிரையில் பொதியேற்றி, செண்பகனூர், கும்பக்கரை வழியாக நடந்தே இறங்குவாராம். காட் ரோடு வந்து லாரி ஓடிய பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான், வாடகை மிச்சம் என்று. கப்பலேறிய மிளகுக்கு இருக்கிற பெருமை குதிரையேறிய பூண்டுக்கு யார் கொடுத்தார்கள்? எங்கள் மலையில் போடுகிற இரண்டு ரகத்துக்கும் பெயர் சிங்கப்பூர், மேட்டுப்பாளையம்! வியாபாரம் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறது, பாருங்கள்.

பூண்டில் ஒரு விசேஷம். அதை விதை தூவி வளர்ப்பதில்லை, பல்லைத்தான் ஊன்ற வேண்டும். ஆக, தாத்தா ஊன்றிய அதே செடிதான் பல் பல்லாகப் பிரிந்து எங்கள் கை வரை வந்தது. ஒரு போகம் மொத்தத்தையும் விற்றுவிட்டால் அந்தச் செடி நம் வீட்டோடு முடிந்தது. அதனால் அறுவடையில் நல்ல கட்டு நாலை, தாளோடு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். விறகுப் புகை ஏற ஏற ஈரம் அண்டாது. அடுத்த நடவுக்கு அதுதான்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தின மாதம் விலை உச்சத்தில் இருந்தது. வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, தொங்குகிற கட்டைக் காட்டி இரட்டை விலை சொன்னார். "பிள்ளை கல்யாணத்தை விடவா பூண்டு பெரிசு?" என்று அம்மா கேட்டாள். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் கறவை மாட்டை விற்றுவிட்டு வந்தார். கல்யாணம் முடியும் வரை அம்மா அவரிடம் சரியாகப் பேசவேயில்லை. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. எங்களுக்கெல்லாம் அந்த வருஷம் வரக்காப்பிதான்.

2019ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் பாடுபட்டு வாங்கித் தந்தது. நல்ல காரியம். விலையும் ஏறியது. ஆனால் விலை ஏற ஏற, வீட்டில் ஒரு கட்டுகூட வைக்காமல் விற்கிறவர்களும் கூடிப்போனார்கள். நடவுக்கு வெளியூர்ப் பூண்டை வாங்கி ஊன்றினால் முளைக்கத்தான் செய்யும். அதை எங்கள் பூண்டு என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சங்கடம், கேஸ் அடுப்பு. வீட்டில் புகையே இல்லை. பள்ளங்கி மூடுபனியில் புகை படாத பூண்டு சீக்கிரம் நமுத்து, சொத்தையாகிவிடும். ஊரில் இருக்கிற தம்பி இதற்காகவே மாட்டுக்கொட்டகையில் ஒரு விறகடுப்பு போட்டிருக்கிறான். தினம் அதில் வெந்நீர் மட்டும் காய்கிறது. "குளிக்கிறதுக்கா இவ்வளவு விறகு?" என்று அவன் மனைவி சலித்துக்கொள்கிறாள்.

போன மாதம் போனபோது எட்டிப் பார்த்தேன். கரி பிடித்து நாலு கட்டு தொங்குகிறது. தம்பி மகன் மதுரையில் வேலைக்குப் போய்விட்டான். தோட்டத்தை வாங்கி காட்டேஜ் கட்ட இரண்டு பேர் கேட்டுப் போயிருக்கிறார்களாம். "நடவு முடியட்டும்ணே, பாப்போம்" என்று மட்டும் சொன்னான் தம்பி.