சீஸ் டப்பாவில் செய்த விளக்கு

கொலோன், நவம்பர்

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் குரல்செய்தியைக் கேட்டேன். "அங்க பால்வாடியில பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக் குடுக்காவ?" என்று கேட்டிருந்தீர்கள். அங்கன்வாடி டீச்சரிடம் பொய் சொல்ல முடியாது. நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் எதுவுமே சொல்லிக் கொடுப்பதில்லை. ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகும்வரை எழுத்துப் பாடம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை நாள் முழுக்க வெட்டுகிறது, ஒட்டுகிறது, மண்ணைக் கிண்டுகிறது, மாவு பிசைகிறது. சாயங்காலம் கூப்பிடப் போகும்போது சட்டைப்பையில் கல்லும் சுள்ளியுமாக வருகிறது.

இந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் விளக்கு வேலைதான். உடன்குடியில் நீங்கள் சொக்கப்பனைக்குப் பனை தேடத் தொடங்குமுன் எங்களுக்கு விளக்குத் திருவிழா முடிந்துவிட்டது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த ரோமானியப் படைவீரன் அவர். ரைன் ஆற்றங்கரை ஊர்களில் அன்று மாலை சிவப்பு அங்கி போட்ட ஒருவர் குதிரையில் முன்னே போக, பின்னால் பிள்ளைகள் கையில் காகித விளக்கோடு பாடிக்கொண்டு போகிறார்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற மாதம். ஊர்வலத்தின் முடிவில் பெரிய தீ மூட்டுவார்கள். அதே 11ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குத்தான் கொலோனில் கார்னிவல் பருவமும் தொடங்கும். பகலெல்லாம் மாறுவேடத்தில் பீர் குடித்துத் தள்ளாடுகிற பெரியவர்கள் ரயிலில் இடித்துக்கொண்டு வர, அவர்களுக்கு நடுவே விளக்கு கசங்காமல் பிள்ளையைக் கூட்டிப்போவது தனிக் கலை.

விளக்கு கடையில் கிடைக்கும். ஆனால் கடை விளக்கோடு வருகிற பிள்ளையைப் பார்த்து மற்ற அம்மாக்கள் லேசாகப் புருவம் தூக்குவார்கள். முன்னொரு காலத்தில் மாட்டுக்குப் போடும் கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது வழக்கம் வட்டமான காமம்பேர் சீஸ் டப்பா. மூடி மேலே, அடிப்பாகம் கீழே, நடுவில் வர்ணம் தீட்டிய மெல்லிய காகிதத்தைச் சுருட்டி ஒட்டினால் உருளை விளக்கு தயார். மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி கோர்த்து, குச்சியில் தொங்கவிட வேண்டும். வர்ணம் காய்ந்ததும் காகிதத்தில் துளி எண்ணெய் தேய்த்தால் வெளிச்சம் நன்றாக ஊடுருவும். முன்பு உள்ளே மெழுகுவத்திதான். இப்போது பெரும்பாலும் குச்சி நுனியிலேயே பேட்டரி பல்பு.

கிண்டர்கார்ட்டனில் இதற்கென்று பெற்றோருக்கு ஒரு மாலைநேரம் ஒதுக்குவார்கள். கிண்டர்கார்ட்டனை இங்கே பேச்சில் கீட்டா என்பார்கள். அந்த மாலையை நீங்கள் பார்க்க வேண்டும். முக்கால் அடி உயர நாற்காலிகளில் வங்கி அதிகாரியும் பல் மருத்துவரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து முள்ளெலி விளக்கு செய்வார்கள். ஒருவர் சூட்டுப் பசைத் துப்பாக்கியோடு வருவார். இன்னொருவர் ஆந்தைக்கு இறகு இறகாக வெட்டுவார். பிள்ளை ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். இது எனக்குப் பிடிக்கவில்லை. டீச்சர்மாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் எங்கள் கீட்டாவில் காகிதத்தில் வர்ணம் தீட்டுவது பகலிலேயே பிள்ளைகள் கையால் முடிந்துவிடும், பெற்றோருக்குக் கம்பி கட்டுவது மட்டும்தான் பாக்கி. "பிள்ளை போட்ட கோட்டைத் திருத்தாதீர்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பையனின் விளக்கு முழுக்கக் கறுப்பு வர்ணம், ஒரு மூலையில் மட்டும் மஞ்சள். ராத்திரி என்றான். ஊர்வலத்தில் அது ஒளியே விடவில்லை. அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட விளையாட்டுப் பிசைமாவைச் சொல்கிறேன், உங்கள் மையத்திலேயே செய்துவிடலாம். மைதா 400 கிராம், தூள் உப்பு 200 கிராம், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கொடுக்கிற சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி. இவற்றைக் கலந்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கொதிக்கிற தண்ணீர் அரை லிட்டர் விட்டுக் கரண்டியால் கிளற வேண்டும். கொழுக்கட்டை மாவு கிளறுகிற அதே கை உங்களுக்கு உதவும். கை பொறுக்கிற சூட்டில் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே பிசைந்து முடிப்பார்கள். வர்ணத்துக்கு மஞ்சள் தூளும் பீட்ரூட் சாறும் போதும். உப்புதான் இதைக் கெடாமல் வைக்கிறது. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இங்கே ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் திறந்து வைத்தால் காய்ந்து வெடிக்கிறது; அங்கே கடற்காற்றில் கசகசத்துப் போகும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், கசிந்தால் கொஞ்சம் மைதா தூவிப் பிசையுங்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது.

இந்தச் சமாசாரங்களுக்கெல்லாம் மூலவர் ஒருவர் உண்டு. ஃபிரோபெல் என்ற பெயரை உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு வரியில் கடந்திருப்பீர்கள். 1782இல் துரிங்கியா மலைப்பகுதியில் பிறந்தவர், ஒரு வயது நிறையுமுன் தாயை இழந்தவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கூடம் ஒன்றைத் தொடங்கினார், 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார். பிள்ளை கையில் அவர் முதலில் கொடுத்தது கம்பளி நூல் பின்னிய ஆறு வண்ணப் பந்துகள். அடுத்து மரத்தில் ஒரு உருண்டை, ஒரு உருளை, ஒரு கனசதுரம். அடுத்து அந்தக் கனசதுரமே எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரிகிறது. இவற்றோடு காகிதம் மடித்தல், களிமண் பிடித்தல், வண்ணக் காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோர்த்துப் பின்னுதல். இந்தக் கடைசி வேலையைப் பத்தமடையில் பாய் முடைகிற ஆத்தாமார் பார்த்தால், இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் ஒருத்தர் பிறக்க வேண்டியிருந்ததா என்று கேட்பார்கள்.

இதில் ஆபத்தாக என்ன இருக்க முடியும்? ஆனால் 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களுக்குத் தடை போட்டது. ஃபிரோபெலின் அண்ணன் மகன் எழுதியதை இவர் எழுதியதாகக் குழப்பிக்கொண்டு, நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்றது. மறுவருடமே ஃபிரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். கட்டை அடுக்கிய பிள்ளைகளைப் பார்த்து அரசாங்கம் பயந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டைகள் மேல் மரியாதை கூடுகிறது.

அடுத்து மணல். நமக்குத் தேரிக்காடு வாசலில் இருந்தது. சிவந்த மணல் மேட்டில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்கியதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இங்கே எங்கள் தெருமுனை விளையாட்டுத் திடலில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணல், பிள்ளைகள் தாங்களே அடித்துக்கொள்ளச் சின்னக் கைபம்பு, தண்ணீர் ஓட மர வாய்க்கால். மூன்று பேர் அணை கட்ட, நான்காவது பிள்ளை உடைக்கும். சேறு அப்பினாலும் பாதகமில்லை. அழுக்காவதற்கென்றே தோள்வார் வைத்த ரப்பர் கால்சட்டை விற்கிறார்கள், கீட்டாவில் ஒவ்வொரு பிள்ளையின் கொக்கியிலும் அது தொங்கும். மழை பெய்தாலும் வெளியே விடுகிறார்கள். சட்டம் ஒழுங்கு என்று உயிரை விடுகிற இந்த ஜனங்கள், ஒழுங்கின்மைக்கும் உடுப்பு, இடம், நேரம் எல்லாம் ஒழுங்காக ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த மணல் ஊர்விட்டு ஊர் போன கதை உண்டு. 1885இல் மரி சக்ஷெவ்ஸ்கா என்ற பெண் மருத்துவர் பெர்லின் பூங்காக்களில் மணற்குவியல் கொட்டி வைத்துப் பிள்ளைகளை விளையாட விட்டிருப்பதைப் பார்த்து, தான் வாழ்ந்த பாஸ்டனுக்கு எழுதினார். பாஸ்டனில் மணல் கொட்டினார்கள், அமெரிக்காவில் பொது விளையாட்டுத் திடல்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். எனக்கு இன்னும் பிடித்தது டென்மார்க் கதை. சோரன்சன் என்ற தோட்டக் கட்டடக்கலைஞர் அழகழகான திடல்களை வடிவமைத்தவர். பிள்ளைகளோ அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கலோடும் பலகையோடும் விளையாடிக்கொண்டிருந்தன. மனிதர் கோபப்படவில்லை, பிள்ளைகள் பக்கம் சாய்ந்தார். 1943இல், கோபன்ஹேகன் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நேரத்தில், எம்ட்ரூப் என்ற குடியிருப்பில் பழைய பலகை, ஆணி, டயர், மண்வெட்டி எல்லாம் போட்டு ஒரு குப்பைத் திடல் திறந்தார்கள். போர் முடிந்ததும் ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுப் போய், லண்டனில் குண்டு விழுந்த வெற்றிடங்களைப் பிள்ளைகளுக்குக் கேட்டார். மேற்கு ஜெர்மனிக்கு அது வந்து சேர்ந்தது 1967இல், பெர்லினில். இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் நிஜச் சுத்தியலும் நிஜ ரம்பமும் பிடித்துக் குடிசை கட்டுகின்றன. நகம் நசுங்கும். சம்பளம் வாங்குகிற மேற்பார்வையாளர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு மறுபடி சுத்தியலைக் கையில் கொடுப்பார்.

தின்பண்டத்துக்கு வருகிறேன். மார்ட்டின் நாளுக்கு வெக்மான் என்று ஒரு மாவு மனிதன். ஈஸ்ட் போட்ட இனிப்பு மாவு, திராட்சைக் கண், வாயிலோ கையிலோ வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக்குழாய். பிள்ளைகளின் பண்டத்துக்குப் புகைக்குழாய் எதற்கு என்று கேட்டால், அது பிஷப்பின் கைக்கோல்தான், தலைகீழாகத் திரும்பிவிட்டது என்கிறார்கள். நான் நம்புவதாக இல்லை. டிசம்பர் வந்தால் வெண்ணெய் பிஸ்கட். அதற்கு 1, 2, 3 என்று கணக்கு: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. படிக்காத பிள்ளையும் சொல்லும். மாவைத் தேய்ப்பதும் அச்சால் வெட்டுவதும் அவர்கள் பாடு, அடுப்பு மட்டும் நம் பாடு. வெயில் காலத்தில் ஈஸ்ட் மாவைக் குச்சியில் சுற்றித் தணலில் வாட்டுவார்கள். பொறுமையாகத் திருப்பினால் பொன்னிறம் வரும். பிள்ளைகள் எங்கே திருப்புகிறார்கள், நேரே நெருப்பில் சொருகுவார்கள். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. அதையும் விடாமல் தின்கிறார்கள்.

நான் போன கார்த்திகைக்குக் கீட்டாவில் கொழுக்கட்டை பிடிக்க வைத்தேன். ஓலைக் கொழுக்கட்டைக்குக் குருத்தோலைக்கு எங்கே போக? பிடி கொழுக்கட்டைதான். நீங்கள் கொடுத்துவிட்ட கருப்பட்டி, பச்சரிசி மாவு, தேங்காய்த் துருவல், ஏலம். மாவை உருட்டி ஐந்து விரல் பதிய அழுத்துங்கள் என்றேன். வெந்து இறக்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் விரல் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு பிள்ளை தன்னுடையதைத் தின்னாமல் அப்பாவுக்குக் காட்ட எடுத்துப்போனது. எதிலே என்ன போட்டிருக்கிறது என்று சீட்டெழுதிக் கொடுக்க வேண்டும், அது கண்டிப்பு. கருப்பட்டி என்ன என்பதற்குப் பனையேறுவதிலிருந்து பதநீர் காய்ச்சுவது வரை விளக்கினேன். அண்ணனுக்கே அவ்வளவு பொறுமை கிடையாது.

எல்லாம் பொன்னுலகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2013 ஆகஸ்டிலிருந்து ஒரு வயது நிறைந்த எந்தப் பிள்ளைக்கும் இடம் கேட்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது, இடம்தான் இல்லை. டீச்சர் பற்றாக்குறையால் காலையில் திடீரென்று "இன்று மதியத்தோடு மூடுகிறோம்" என்று செய்தி வரும், நானும் அவரும் யார் லீவு போடுவது என்று சண்டை போடுவோம். கையால் செய்வது என்பதும் இப்போது வியாபாரம். விளக்குக்கான காகிதத்தை முன்கூட்டியே வெட்டி, பசையோடு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சீஸ் டப்பாவைக்கூடச் சீஸ் இல்லாமல் வெறும் டப்பாவாக வாங்கலாம்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பூவரச இலைப் பீப்பியும் நுங்கு வண்டியும் மாவளியும் நமக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை, மூத்த பிள்ளைகள் செய்ததைப் பார்த்துச் செய்தோம். தெரு இருந்தது, பனை இருந்தது, வேலையற்ற மாலை இருந்தது. இங்கே பனை எப்போதுமே இல்லை, தெருவும் மாலையும் முன்பே போய்விட்டன. அதனால் காசு செலவழித்து, ஆள் போட்டு, பிடிவாதமாக மறுபடி உண்டாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் தெருவைப் பைக்குகள் எடுத்துக்கொண்டன, மாலையை டியூஷன் எடுத்துக்கொண்டது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்று உங்களிடம் சண்டைக்கு வருகிற அம்மாக்களைப் பற்றிப் போன வாரம் சொன்னீர்களே, அவர்களிடம் ஃபிரோபெல் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. மையத்துக்குப் பின்னால் அந்த வேம்படியில் ஒரு வண்டி மணல் கொட்டச் சொல்லி பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள். கூட ஒரு குடம் தண்ணீர், நாலு கொட்டாங்கச்சி. ராத்திரி தார்ப்பாயால் மூடி வைத்தால் நாய் பூனை அசிங்கம் பண்ணாது. டயர் போடுவதானால் தண்ணீர் தேங்காமல் துளை போடுங்கள், கொசு அடையும்.

உங்கள் சத்துமாவு உருண்டையை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை அதைத்தான் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். நிலக்கடலை சேர்க்கிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கடலை இருந்தால் போதும், என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கருப்பட்டி இன்னும் இரண்டு கிலோ, யார் வந்தாலும்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உங்கள் நாத்தனார்