தளிச் சாலையில் சொட்டிய எண்ணெய்

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலை குளிர் தவழும் சாலை. ஆங்கிலேயர் ‘குட்டி இங்கிலாந்து’ என்றழைத்த அவ்வூரில், மர்ஹூம் தந்தையார் விட்டுச்சென்ற பழைய புல்லட்டை நிறுத்தி இறங்கினேன். வேட்டி ஓரமெங்கும் எண்ணெய்க் கறை! 1956இல் திருவொற்றியூரில் தயாரிப்புத் தொடங்கிய, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட வகை அது. அண்மையில் கேஸ்கட் மாற்றித் தந்த ஓசூர் இளைஞர்மீது சினம் பொங்கியது.

தளியில் பட்டறை வைத்திருந்த பெரியவரோ, “ஹஜ்ரத், சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிவிடும்” என்றார். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் முகப்பவுடரைத் தூவினார். சிறிது தூரம் ஓட்டி வந்தோம். ஓரிடத்தில் அன்று, பல இணைப்புகளில் பவுடர் நனைந்திருந்தது.

“கேஸ்கட் குற்றமன்று, உள்ளே அழுத்தம்” என்றவர், காற்றுப்போக்கிக் குழாயைக் கழற்றினார். உள்ளே சேறு அடைத்திருந்தது. பிஸ்டன் இறங்குகையில் வெளியேற வேண்டிய காற்று, வழியின்றி எண்ணெயை இணைப்புகளின் வழியே பிதுக்கியிருக்கிறது. குழாயைத் துப்புரவு செய்ததும் கசிவு நின்றது.

மழைக்காலம் முழுதும் அதைக் கவனியாதவன் நான். பழி சுமக்கவிருந்தவரோ அந்த இளைஞர்! திரும்புகையில் அவர் பட்டறை முன் நின்று ஸலாம் உரைத்தேன். மனத்தில் எண்ணியதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.