கோலான்: துண்டுக் குறிப்புகள்

1967 ஜூன் 10, காலை. கோலான் ஊரான குனெய்த்ரா விழுந்துவிட்டதாக டமாஸ்கஸ் வானொலி அறிவிக்கிறது. அந்த நேரத்தில் ஊருக்குள் இஸ்ரேலியப் படை இன்னும் வந்து சேரவில்லை. செய்தி கேட்ட சிரியச் சிப்பாய்கள் கலைந்து ஓடினார்கள். ஊர் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஹஃபெஸ் அல் அசாத். 1970இல் ஆட்சியையே பிடித்துவிட்டார். தோற்றவருக்குத்தான் பதவி உயர்வு.

இரண்டே நாளில் கைமாறியது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது சிரியா. குறைவு என்கிறது இஸ்ரேல். தங்கிவிட்டவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். பெரும்பாலும் ட்ரூஸ் மக்கள். மஜ்தல் ஷம்ஸ், மசாதா, புகாதா, ஐன் கினியா.

அப்புறம் கஜர். அலவி ஊர்.

கஜர் ஒரு தனிக் கதை. போர் முடிந்து பார்த்தால் யாரும் அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்ரேலிய ராணுவம் ஊருக்கு வெளியே நின்றுகொண்டது. லெபனான் ‘நீங்கள் எங்கள் ஆள் இல்லை’ என்றது. ஊர்ப் பெரியவர்கள் தாங்களே இஸ்ரேலிய அதிகாரியிடம் போய், ‘நாங்கள் சிரியர்கள், கோலானைப் பிடித்தீர்களே, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டார்கள்.

2000இல் லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே ஐ.நா. நீலக்கோடு போட்டது. கோடு ஊருக்கு நடுவில் ஓடியது. வடக்குப் பாதி லெபனான்.

1981 டிசம்பர் 14. கோலான் சட்டம்: இனி இங்கும் இஸ்ரேலின் சட்டம். மூன்று வாசிப்பும் ஒரே நாளில்.

டிசம்பர் 17. பாதுகாப்பு சபை, தீர்மானம் 497. செல்லாது. ஒருமனதாக. அமெரிக்காவும் கை தூக்கியது.

1982இல் வீடு வீடாக இஸ்ரேலிய அடையாள அட்டை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ட்ரூஸ் ஊர்க்காரர்கள் தெருவில் வீசினார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் வேலைநிறுத்தம். பெரும்பாலோர் குடியுரிமை வாங்கவில்லை. வெளிநாடு போக ஒரு பயணத்தாள் கிடைக்கும். அதில் குடியுரிமை என்ற இடத்தில்: வரையறுக்கப்படவில்லை.

அதை விமான நிலைய அதிகாரி புரட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிடம். எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்.

மஜ்தல் ஷம்ஸுக்கு வெளியே ஒரு குன்று. எதிர்க்குன்று சிரியாவின் பக்கம். நடுவில் வேலி, கண்ணிவெடி. இங்கிருந்து அண்ணன் மெகாஃபோனில் கத்துவான், அங்கிருந்து தங்கை பதிலுக்குக் கத்துவாள். குழந்தை பிறந்தது, அப்பாவுக்கு மூட்டுவலி, யார் செத்தார்கள். குடும்ப ரகசியம் எதையும் அங்கே பேசியிருக்க முடியாது.

செல்போன் வந்ததும் கூட்டம் குறைந்தது.

2011 மே 15. சிரியாவிலிருந்து பாலஸ்தீனர்கள் அந்த இடத்தில்தான் வேலியைத் தாண்டி வந்தார்கள். துப்பாக்கிச் சூடு, சாவு. வந்தவர்களில் ஒருவர் மட்டும் யாரும் கவனிக்காமல் யாஃபா வரை போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குடும்பத்தின் பழைய ஊர். பார்த்துவிட்டு, தானே போலீசிடம் போனார்.

மணப்பெண்கள். கோலான் பெண், சிரியா மாப்பிள்ளை. குனெய்த்ரா கடவையில் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடக்கிறாள். பக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காரர். இந்தப் பக்கம் அம்மா. தாண்டினால் திரும்பி வர முடியாது, பிரசவத்துக்குக்கூட. இந்தப் பக்கம் அழுகிறார்கள், அந்தப் பக்கம் குலவை போடுகிறார்கள். 2004இல் இதை வைத்து ஒரு படம்கூட வந்தது, ‘சிரிய மணப்பெண்’.

ஆப்பிளும் அதே வழியாகத்தான் போனது. 2005 முதல். ஆயிரக்கணக்கான டன், செஞ்சிலுவைச் சங்க லாரியில். இரு நாடுகளுக்கும் சட்டப்படி போர் நிலை. ஆப்பிளுக்கு மட்டும் வழிவிட்டார்கள்.

சிரியாவில் உள்நாட்டுப் போர் வந்தது. இரண்டும் நின்றன.

கோலானுக்குக் கீழே ஏரி. நம் பைபிளில் கலிலேயாக் கடல். 1923இல் பிரிட்டனும் பிரான்சும் எல்லை போட்டபோது வடகிழக்குக் கரையில் தண்ணீரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கோடு. ஏரி முழுக்க பாலஸ்தீனத்துக்கு. சிரியர்கள் அந்த 10 மீட்டரையும் நடந்து தாண்டி, 1967 வரை தண்ணீரில் கால் நனைத்தார்கள்.

2000 மார்ச், ஜெனிவா. கிளின்டனும் அசாத்தும். இத்தனை பெரிய மேட்டுநிலம் பேசித் தீர்கிற அளவுக்கு வந்திருந்தது. முட்டிக்கொண்டது அந்தக் கரையோரப் பட்டையில். தான் அந்த ஏரியில் நீந்தியிருப்பதாக அசாத் சொன்னாராம்.

மழை பொய்த்த ஆண்டுகளில் கரை வெகுதூரம் உள்வாங்கிவிடும். 10 மீட்டர் எங்கிருந்து எண்ணுவது?

இஸ்ரேல், சிரியா படைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஐ.நா. கண்காணிப்புப் படை. 1974 மே 31இல் அமைத்தார்கள். முதலில் ஆறு மாதத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிக்கிறார்கள். நூறு தடவை தாண்டிவிட்டது. 2006 முதல் இந்தியப் படையினரும் இருக்கிறார்கள். சாமான், லாரி, சப்ளை அவர்கள் பொறுப்பு.

குனெய்த்ரா 1974இல் சிரியாவுக்குத் திரும்பக் கிடைத்தது. இடிபாடாக. அப்படியே விட்டுவிட்டார்கள். விருந்தினர்களுக்குக் காட்ட வேண்டுமே. 2001இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து இடிந்த தேவாலயத்தில் ஜெபித்தார்.

2019 மார்ச் 25. கோலான் மீது இஸ்ரேலின் இறையாண்மையை அங்கீகரித்து டிரம்ப் கையெழுத்துப் போட்டார். நெதன்யாகு கோலான் ஒயின் ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தார். டிரம்ப் குடிப்பதில்லை.

ஜூனில் ‘டிரம்ப் குன்று’ என்று ஒரு பலகை திறந்தார்கள். தங்க நிற எழுத்து, இரண்டு கொடி. பின்னால் ஊர் என்று சொல்ல அப்போது அதிகம் இல்லை.

நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம்: புட்டியின் லேபிளில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்று தெரிய வேண்டும்.

2024 ஜூலை 27. மஜ்தல் ஷம்ஸ் கால்பந்து மைதானத்தில் ராக்கெட். 12 சிறுவர் சிறுமியர் இறந்தார்கள். ஏவியது லெபனானின் ஹிஸ்புல்லா என்றது இஸ்ரேல். இல்லை என்றது ஹிஸ்புல்லா. துக்கம் விசாரிக்க வந்த அமைச்சர்களைப் பார்த்துச் சிலர் ‘போ’ என்று கத்தினார்கள்.

அந்த ஊரில் இளைஞர்கள் இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். முன்பைவிட அதிகமாக. தாத்தாக்கள் பேசாமல் இருக்கிறார்களா, சண்டை போடுகிறார்களா. வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும்.

2024 டிசம்பர் 8. மகன் அசாத் ஓடிவிட்டார். அன்றே இஸ்ரேலியப் படை இடைப்பகுதிக்குள். ஹெர்மோன் உச்சியும் போயிற்று. தற்காலிகமாகத்தான் என்றார்கள்.

அதே மாதம் பாதுகாப்பு சபை கண்காணிப்புப் படையை நீட்டித்தது. ஆறு மாதத்துக்கு.