காவல் நிற்கும் உப்புக் கிணறு

பருப்பு வேகாத உப்புத் தண்ணீருடன் மல்லாடியிருக்கிறீர்களா, சகோதரிகளே? அப்படியானால் எல் பாஸோவுக்கு வாருங்கள்! அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள பாலைவன நகரம். மழை சொற்பம். பூமிக்கடியில் நல்ல தண்ணீர் உண்டு. பக்கத்திலேயே உப்புத் தண்ணீரும் உண்டு. நல்லதை இறைக்க இறைக்க, உப்பு அந்த இடத்தை நோக்கி நகர்ந்து வந்தது!

ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமோ? உப்புத் தண்ணீரையே இறைக்கத் தொடங்கினார்கள்! 2007-ல் திறந்த ஆலையில், மெல்லிய சவ்வுகளின் வழியே அதை அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். திறந்தபோதே நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல ஆலை அது. நல்ல கிணறுகளை நெருங்கும் உப்பையும் வழியிலேயே மறித்துவிடுகிறார்கள்.

காவலுக்குக் கூலி உண்டல்லவா? மின்சாரச் செலவு ஒன்று. மிஞ்சும் கடும் உப்புநீரைச் சுமார் 35 கிலோமீட்டர் கொண்டுபோய்ப் பூமியின் ஆழத்தில் செலுத்தும் செலவு மற்றொன்று.

உங்கள் கிணறு இன்னும் இனிக்கிறதா? அளவாக இறையுங்கள்!