கெயின் திருகாணியும் என் டெஸ்டரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காரில் சப்வூஃபர் மாட்டியிருப்பவர்களுக்குப் பயன்படும். மற்றவர்கள் நான் செய்த ஒரு தவறுக்காகவாவது படியுங்கள்.

சென்ற மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போனது உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். தம்பி மகன் காரில்தான் நானும் போனேன். அதற்கு முந்தைய வாரம்தான் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தான். மாட்டிக் கொடுத்தவர் என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த மாணவர். ஊரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறார்.

செம்பட்டி அருகே வரும்போது காருக்குள் ஒரு வாடை. மோட்டார் காயில் எரிந்தால் வருமே, அந்த வாடை. பேஸ் முதலில் கொரகொரவென்று இழுத்தது, பிறகு நின்றே போனது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. ஒரு வாரத்தில் போய்விட்டதே என்று பையன் முகம் வாடிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "என்னிடம் படித்தவனே டூப்ளிகேட் ஸ்பீக்கரை மாட்டி ஏமாற்றிவிட்டான், யாரும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள்" என்று எழுதினேன். குழுவில் அறுபது பேருக்கு மேல். யாரோ அதை அவருக்கே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மல்டிமீட்டர்.

"சார், வண்டியைக் கொஞ்சம் பாத்துடறேன்."

கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் சப்வூஃபர் ஒயர்கள் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் இருந்து கழற்றிவிட்டு சிஸ்டத்தை ஆன் செய்தார். சிவப்பு போய்ப் பச்சை விளக்கு வந்தது. "ஆம்ப் நல்லா இருக்கு சார். ஸ்பீக்கர் ஷார்ட் ஆனதால தன்னைக் காப்பாத்திக்க நின்னிருக்கு." பிறகு மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். ஒயரின் தடையே 0.3 காட்டியது. அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சப்வூஃபர் முனைகளில் வைத்தபோது, கழித்தது போக 1.1 ஓம். 4 ஓம் காயிலில் அப்படி வரக்கூடாது. வார்னிஷ் எரிந்து, சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஒன்றுமே காட்டாமல் ஓப்பன் என்று வந்தால் காயிலோ, கூம்புக்குப் போகும் பின்னல் ஒயரோ அறுந்திருக்கிறது. கூம்பை அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் பெரும்பாலும் அந்தப் பின்னல் ஒயர்தான். அதைச் சிலசமயம் பற்றவைத்துச் சரிசெய்யலாம்.

அடுத்து இரண்டு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, சாயாமல் மெல்ல அழுத்தினார். சர்ரென்று உரசும் சத்தம். காயில் சூட்டில் உப்பிக் காந்த இடுக்கில் தேய்கிறது. நல்ல சப்வூஃபரில் சத்தமே வராது. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு டார்ச் செல்லை முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கூம்பு 'டப்' என்று துள்ள வேண்டும். ஆனால் இது உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், நலமாக இருக்கிறதா என்று சொல்லாது.

அவர் கொண்டுவந்திருந்த புது சப்வூஃபரையும் அளந்து காட்டினார். 3.4 ஓம். நான் விடவில்லை. "4 ஓம்னு எழுதியிருக்கு, 3.4தானே காட்டுது? இதுவும் டூப்ளிகேட்தானே?" என்றேன். "சார், மீட்டர் அனுப்பறது நேர்மின்னோட்டம். 4 ஓம்ங்கறது மாறுமின்னோட்டத்துக்கான மின்னெதிர்ப்பு. நீங்கதான் சார் சொல்லிக்கொடுத்தீங்க." முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திய என் வாய் அதோடு மூடிக்கொண்டது.

பிறகுதான் அவர் ஆம்ப்ளிஃபயரைக் குனிந்து பார்த்தார். கெயின் திருகாணியின் பக்கத்தில், 2 வோல்ட் என்ற இடத்தில், வெள்ளை பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அவர் செட் செய்து அடையாளம் வைத்த இடம். திருகாணியோ கடைசிவரை போய் 0.2-இல் நின்றது. பேஸ் பூஸ்ட்டும் முழுசாக. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். தேவதானப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோமே, எல்லோரும் கடைக்குள் இருந்தபோது டிக்கியைத் திறந்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் டெஸ்டரால் அதைத் திருகியவன் நான். தவில் சத்தம் எனக்குப் போதவில்லை. கெயின் என்றால் இன்னொரு வால்யூம் என்று நினைத்தேன்.

அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவில் இருந்து எத்தனை வோல்ட் வருகிறது என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும் திருகாணி. 2-இல் வைத்தால் "2 வோல்ட் வரும்போது முழு சக்தியைக் கொடு" என்று பொருள். 0.2-இல் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே முழு சக்தி. அந்த ஸ்டீரியோ கொடுப்பது 2 வோல்ட். மேலே போக ஆம்ப்ளிஃபயரிடம் மின்னழுத்தம் இல்லை, அதனால் சைன் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரம் போல ஆகிவிடும். ஒரே உயரமுள்ள சதுர அலைக்குச் சைன் அலையைப் போல இரண்டு மடங்கு திறன். உங்களில் பலர் இதை விடைத்தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறீர்கள். ஃபியூஸும் பேட்டரியும் முழு இரண்டு மடங்கைக் கொடுத்துவிடாது என்றாலும், 250 வாட் தாங்கும் காயிலைச் சுட்டுவிட அது போதும். பாட்டின் மெல்லிய இடங்களும் சேர்ந்து ஏறிவிடுவதால் காயிலுக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை.

புதியதை மாட்டும்போது கெயின் வைக்கும் முறையை என் முன்னாலேயே செய்தார். இந்த முறை நானும் கவனித்தேன்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 1200 வாட் கணக்கே இல்லை, ஆர்.எம்.எஸ். வாட்தான் கணக்கு. ஆம்ப்ளிஃபயர் 300, சப்வூஃபர் 250. சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். 250-ஐ 4 ஓமால் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6. செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார், சரிதானே என்பதுபோல. சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள், லவுட்னெஸ் எல்லாவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் பூஸ்ட் சுழி, லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். கெயினை மிகக் குறைவாக வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பென் டிரைவில் 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைப் போட்டு, வால்யூமை 40-க்கு 30-இல் நிறுத்தினார். மீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட்டில் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்துக்கொண்டு கெயினை மெல்ல ஏற்றினார். 31.6 வந்ததும் நிறுத்தினார். பழைய வெள்ளைப் பொட்டுக்கு நேராகத்தான் நின்றது. அதன்பிறகு பாட்டு கேட்கும்போது வால்யூம் 30-ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். அலைகாட்டி இருந்தால் வெட்டுப்படுவதைக் கண்ணாலேயே பார்த்து வைக்கலாம், இன்னும் துல்லியம்.

"எவ்வளவுப்பா ஆச்சு?" என்றேன்.

"வாரண்டில போட்டுக்கலாம் சார்."

காயில் எரிந்தால் வாரண்டி கிடையாது என்று அவர் கொடுத்த பில்லின் பின்புறமே அச்சிட்டிருக்கிறது. நான் படித்தேன். ஆனாலும் "சரிப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தம்பி மகன் பக்கத்திலேயே நின்றான். அவன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

நான்கு நாள் சரியாகத் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் கடைக்குப் போய், "அதைத் திருகினது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். தம்பி டிக்கியிலயே டெஸ்டர் மூடி கிடந்துச்சு" என்று மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சப்வூஃபர் விலையைக் கொடுத்தேன். தான் வாங்கிய விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். டீ வரவழைத்தார்.

குழுவில் நான் போட்டதை இப்போது அழிக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டதாம். எனவே இதையே அங்கும் போடுகிறேன். அந்தச் செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள், இதையும் அதே குழுக்களுக்குத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். தம்பி மகனுக்கு நேற்று போனில் சொல்லிவிட்டேன். "பெரியப்பா, இனிமே டெஸ்டரை வீட்லயே வெச்சுட்டு வாங்க" என்றான்.

பின்குறிப்பு: எஞ்சினை ஓடவிட்டு கெயின் வைப்பவர்கள் மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாடை கிடையாது. வண்டியை வெளியில் நிறுத்திச் செய்யுங்கள்.