புன்னக்காயல் புத்தகமும் இரண்டாவது கேபிளும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் ஆத்தூரில் கடல் பக்கமாகத் திரும்பினால் புன்னக்காயல் வரும். தாமிரபரணி கடலில் சேருகிற இடம். மீன்பிடித் தொழில் செய்கிற ஊர். இந்தச் சின்ன ஊரில் 1586ஆம் ஆண்டு ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். அண்டிரிக்கி அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் போர்த்துகீசியப் பாதிரியார் என்ரிக் என்ரிக்கஸ் எழுதிய 'அடியார் வரலாறு' (ஃப்ளோஸ் சாங்தோரும் என்பது அதன் இன்னொரு பெயர்) தான் அது. 600 பக்கங்களுக்கு மேல். அதற்கு எட்டு வருடம் முன்னால், 1578இல், கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

அந்தப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்று இன்று ரோமில், வாத்திகன் நூலகத்தில் இருக்கிறது. அதே நூலகம் தன் கையெழுத்துச் சுவடிகளையும், 1501க்கு முன் அச்சான நூல்களையும் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது, இ.எம்.சி என்ற நிறுவனம் (2016இல் டெல் இதை வாங்கிவிட்டது) 2.8 பெட்டாபைட் ஸ்டோரேஜ் தருவதாக 2013இல் அறிவித்தது. மொத்தம் 4 கோடி பக்கம் என்று கணக்கு. நம்ம ஊர்ப் புத்தகம் 1586 என்பதால் 85 வருட வித்தியாசத்தில் அந்தப் பட்டியலில் வராது, பாவம்!

ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். 2.8 பெட்டாபைட்டை 4 கோடியால் வகுத்தால் பக்கத்துக்கு 70 மெகாபைட். அந்தக் கணக்கில் 600 பக்கப் புத்தகத்துக்கு 42 ஜிகாபைட் போதும், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால் மொத்தத்துக்கு, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்காக வாங்கினால்கூட 700 டிஸ்க் வேண்டும். 700 டிஸ்க்கை எந்த சர்வருக்குள்ளும் திணிக்க முடியாது. அதனால்தான் ஸ்டோரேஜ் என்று தனியாக ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து சர்வர்களுக்குக் கேபிள் இழுக்கிறார்கள். கல்லூரியின் மதிப்பெண் பட்டியலோ ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களோ, ஓரளவு பெரிதான எல்லாமே கடைசியில் இப்படி ஒரு பெட்டியில்தான் போய் உட்காருகின்றன.

ரேக் என்பது 19 அங்குல அகலத்தில் பொருட்களைப் பொருத்தும் இரும்பு அலமாரி. அதன் உயரத்தை 'யூ' என்று அளக்கிறார்கள். ஒரு யூ 1.75 அங்குலம். சாதாரண ரேக்கில் 42 யூ இருக்கும். 12 டிஸ்க் கொள்ளும் ஒரு ஷெல்ஃப் 2 யூ உயரம். எனவே 700 டிஸ்க் என்றால் மூன்று ரேக் அளவுக்கு வெறும் டிஸ்க் மட்டுமே.

பொருத்துகிறவர்கள் முதலில் தண்டவாளம் போன்ற ரெயிலை மாட்டுகிறார்கள். பிறகு ஷெல்ஃபிலிருந்து டிஸ்க்குகளை எல்லாம் உருவி, எது எந்த இடம் என்று நம்பர் எழுதி, ஓரமாக வைத்துவிட்டு, காலிப் பெட்டியை இரண்டு பேராகத் தூக்கி ரெயிலில் தள்ளுகிறார்கள். பிறகு டிஸ்க்குகள் பழைய இடத்துக்கே போகும். ஒரு டிஸ்க் முக்கால் கிலோதான் என்றாலும் பன்னிரண்டு சேர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கனமான பெட்டி கீழே, இலேசானது மேலே. மாற்றி வைத்துவிட்டு மேல் பெட்டியை வெளியே இழுத்தால் ரேக்கே முன்னால் சாயும். இந்த 'கனம் கீழே' என்ற விதியை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது.

இனி கேபிள். இங்கேதான் மொத்த வேலையின் உயிர் இருக்கிறது.

நல்ல ஸ்டோரேஜ் பெட்டியைப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தால் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். பவர் சப்ளை இரண்டு, கன்ட்ரோலர் இரண்டு, ஒவ்வொரு ஷெல்ஃபிலும் கேபிள் வாங்கும் பாகம் இரண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் வேகம் கூடுவதற்காக என்று நினைப்பார்கள். அது கொஞ்சம் உண்மை. முக்கியமான காரணம், ஒன்று போனால் இன்னொன்று. ஆனால் தொழிற்சாலை இரண்டு கொடுத்தாலும் கேபிள் போடுகிறவர் அதை ஒன்றாக்கிவிட முடியும். இரண்டு பவர் சப்ளையின் ஒயரையும் பக்கத்திலேயே இருக்கிற ஒரே மின்பட்டையில் செருகினால், பார்க்க அழகாக இருக்கும், இரண்டு பச்சை விளக்கும் எரியும். பட்டை போன அன்றைக்கு இரண்டும் சேர்ந்து அணையும். ஒரு ஒயர் ஒரு பட்டைக்கும், இன்னொன்று வேறு பட்டைக்கும், அந்தப் பட்டைகள் வேறு வேறு யு.பி.எஸ்ஸுக்கும் போக வேண்டும். எல்லாம் நன்றாக ஓடும்போது இந்த வித்தியாசம் வெளியே தெரியவே தெரியாது. கெட்ட கேபிளிங்கின் ஆபத்தே அதுதான்.

ஷெல்ஃபுகளை இணைப்பதில் இன்னும் ஒரு நுணுக்கம். மூன்று ஷெல்ஃப் என்று வைத்துக்கொள்வோம். 'ஏ' கன்ட்ரோலரிலிருந்து முதல் ஷெல்ஃப், அங்கிருந்து இரண்டாவது, அங்கிருந்து மூன்றாவது என்று கேபிள் இறங்குகிறது. 'பி' கன்ட்ரோலருக்கும் இதே போல மேலிருந்து கீழே போட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப் போட்டால், நடு ஷெல்ஃப் முழுதாகச் செத்துப்போனால், மூன்றாவதற்கு ஏ வழியாகவும் போக முடியாது, பி வழியாகவும் போக முடியாது. அதனால் பி-யின் கேபிளைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் கடைசி ஷெல்ஃபுக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி வரும். இப்போது நடுவில் அறுந்தாலும் முதலாவதை ஏ பார்க்கும், மூன்றாவதை பி பார்க்கும். கேபிளின் எண்ணிக்கையும் விலையும் அதேதான், போட்ட வரிசை மட்டும் வேறு!

ஸ்டோரேஜிலிருந்து சர்வருக்கு பெரும்பாலும் கண்ணாடி இழைக் கேபிள். ஒளி போகிற நடுப்பகுதி 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. ஒரு தூசி உட்கார்ந்தாலே ஒளி மங்கும், எனவே செருகும் நிமிடம் வரை மூடியைக் கழற்றுவதில்லை. கூர்மையாக மடிக்கவும் கூடாது. கட்டுவதற்கு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால் இழை நசுங்கும், வெல்க்ரோ பட்டைதான் சரி. முனையைக் கண்ணருகில் வைத்து 'வெளிச்சம் வருதா' என்று பார்ப்பது மகா முட்டாள்தனம், அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் மற்ற முனையைத் தேடுவதற்குள் விடிந்துவிடும் :)

சர்வரில் இரண்டு போர்ட், நடுவில் ஒன்றோடொன்று சேராத இரண்டு சுவிட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி என்றால் மொத்தம் நான்கு வழி. வேடிக்கை என்னவென்றால் சர்வருக்கு இது புரியாது. ஒரே வட்டை நான்கு வட்டாகப் பார்க்கும். 'இது நாலும் ஒன்றுதான்' என்று சொல்லிக் கொடுக்க மல்டிபாத் என்ற மென்பொருள் வேண்டும். அதை மறந்துவிட்டு நான்கையும் தனித்தனி வட்டு என்று நினைத்து எழுதத் தொடங்கினால் தகவல் நாசம்.

மின்சாரம் கொடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் டிஸ்க் ஷெல்ஃபுகள், அவை சுழன்று நிலைக்கு வந்தபின் கன்ட்ரோலர், கடைசியில் சர்வர். அணைக்கும்போது தலைகீழ்.

டிஸ்க்கே செத்தால்? அதற்கு ரெய்டு. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பிரபலமான பெயர். மூன்று டிஸ்க்கில் 5, 8, 4 என்று இருந்தால் நான்காவதில் கூட்டுத்தொகை 17ஐ எழுதி வைப்பது போல. இரண்டாவது போய்விட்டால் 17இலிருந்து 5ஐயும் 4ஐயும் கழித்து 8 என்று கண்டுபிடித்துவிடலாம். (உண்மையில் கூட்டல் அல்ல, எக்ஸார் என்ற கணக்கு, யோசனை ஒன்றுதான்.) இரண்டு டிஸ்க் சேர்ந்து போனாலும் தாங்கும் வகைக்கு ரெய்டு 6 என்று பெயர்.

இவ்வளவும் செய்தபின் 'இனி பயமே இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தாமிரபரணியை நினைக்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் புன்னக்காயலுக்குப் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆற்று வெள்ளத்தில் சாலை அறுந்து புன்னக்காயல் துண்டானது. இப்படிப்பட்ட ஊரில் தரைத்தளத்து அறையில் ரேக் இருந்தால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 20 யூ முழுகிவிடும். கனமானதைக் கீழே வைக்கச் சொன்ன அதே நல்ல விதிப்படி, முதலில் முழுகுவது டிஸ்க் ஷெல்ஃப்தான்! மேலே இருக்கிற இலேசான சுவிட்ச் பிழைத்துக்கொள்ளும், அதை வைத்து என்ன செய்வது? ரேக்கைத் தலைகீழாக அடுக்கவும் முடியாது. அறையை மாடிக்குக் கொண்டுபோவதுதான் வழி, அதுவும் அத்தனை எடையைத் தளம் தாங்குமா என்று பார்த்து.

இரண்டு கன்ட்ரோலரும் நான்கு வழியும் ரெய்டு 6உம் ஒரே அறைக்குள் இருந்தால் வெள்ளத்துக்கு அவை எல்லாம் ஒன்றுதான். தெரியாமல் ஒருவர் ஒரு கோப்பை அழித்தாலும் ரெய்டு அதை நேர்மையாக எல்லா டிஸ்க்கிலும் அழித்துவிடும். அதனால் இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும், அதை அவ்வப்போது திறந்து படித்தும் பார்க்க வேண்டும். 'அடியார் வரலாறு' நமக்குத் திரும்பக் கிடைத்ததும் இப்படித்தான். ஊரை விட்டுப் போய் வாத்திகனில் சேர்ந்த பிரதியைக் கொண்டு ச. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பிக்க, 1967இல் தூத்துக்குடியிலிருந்து அது மறுபடி வெளிவந்தது. நடுவில் 381 வருடம். எந்தக் கம்பெனியும் இத்தனை வருட வாரண்டி தருவதில்லை.

கடைசி வேலை சோதனை. அனுபவசாலிகள் பயனாளர்களை உள்ளே விடுவதற்கு முன்பே, சர்வர் ஒரு பெரிய கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிளை உருவிவிடுவார்கள். எழுதுவது சில நொடி தயங்கித் தொடர வேண்டும். அதை மறுபடி செருகி, நான்கு வழியும் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேபிள். பிறகு ஒரு பவர் ஒயர், பிறகு ஒரு கன்ட்ரோலர், பிறகு ஒரு டிஸ்க். பக்கத்தில் நிற்கும் அலுவலகத்துக்காரர் முகம் வெளிறும். எதை உருவினால் எத்தனை நொடி நின்றது என்று ஒரு தாளில் எழுதி, கேபிள் வரைபடத்தோடு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள்.