நான் உடைத்த முகம்

லாங்கினஸ் என்ற ரோமானியக் குதிரைவீரனைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மூன்றிலும் சொன்னது பொய். முதல் முறை தெரியாமல் சொன்னேன். மற்ற இரண்டு முறையும் தெரிந்தேதான்.

இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் 1928-ல் மண்ணிலிருந்து எடுத்த கல்லறைக் கல் அவனுடையது. செதில் கவசத்தோடு குதிரைமேல் அவன். குதிரையின் காலடியில் அம்மணமாய்க் குறுகிக் கிடக்கிறான் ஒருவன். கீழே லத்தீனில் விவரம்: மாட்டிகஸ் மகன் லாங்கினஸ் ஸ்டபேஸே, முதலாம் திரேசியக் குதிரைப்படையில் இரட்டைச் சம்பளக்காரன், சார்டிகா (இன்றைய சோஃபியா) வட்டாரத்தான், வயது 40, சம்பளம் வாங்கிய ஆண்டுகள் 15, உயில்படி வாரிசுகள் வைத்த கல். கல் வெளியே வந்தபோது வீரனுக்கு முகம் இல்லை. கி.பி. 60–61-ல் ரோமருக்கு எதிராகக் கிளம்பிய அரசி பூடிக்காவின் ஆட்கள் ஊரைக் கொளுத்தியபோது முகத்தையும் பெயர்த்துவிட்டார்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள்.

எனக்கு அது வெல்லக்கட்டி. மிதிபட்டவனின் சனம் திரண்டு வந்து மிதித்தவன் முகத்தைச் சிதைக்கிறது! மேடையில் இந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன், தாகமே இல்லாமல்.

1996-ல் அதே இடத்தை மறுபடி தோண்டியபோது முகம் கிடைத்துவிட்டது. உடைத்தது பூடிக்காவின் ஆட்கள் இல்லை, 1928-ல் தோண்டியவர்களின் கருவிதான் என்று இப்போது கருதுகிறார்கள். இரண்டாவது பேச்சுக்குத் தயாராகும்போதே இதைப் படித்தேன். தனித்தாளில் குறித்தும் வைத்தேன். கூட்டத்துக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டேன். மறதி இல்லை.

இன்னும் இருக்கிறது. "சரியாக நாற்பதில் செத்தான்" என்று உருகியிருக்கிறேன். குளோஸ்டரில் கிடைத்த ரூஃபஸ் சீட்டாவின் கல்லிலும் 40. சைரன்செஸ்டரில் ஜெனியாலிஸின் கல்லிலும் 40. ரோமானியக் கல்லறைகளில் வயது ஐந்திலும் பத்திலும் வந்து நிற்பது சகஜம், உத்தேசக் கணக்கு. காலடியில் கிடப்பவன் பிரிட்டன்காரனேதான் என்று அடித்துச் சொன்னேன். விழுந்தவன்மேல் குதிரை பாயும் அந்த வார்ப்பு, ஏதென்ஸில் கி.மு. 394-ல் இறந்த டெக்சிலியோஸின் நினைவுக்கல்லிலேயே உண்டு. ரைன் கரையில் புதைத்த குதிரைவீரர்களுக்கும் அதையேதான் செதுக்கினார்கள். நடுகல் பார்த்துப் பழகிய கண் எனக்கு. குதிரையையும் ஈட்டியையும் கண்டால் போரில் பட்டவன் என்றே மனசு போகிறது. லாங்கினஸ் எப்படிச் செத்தான் என்று அந்தக் கல்லில் ஒரு சொல் கிடையாது. காய்ச்சலில் போயிருக்கலாம்.

போகட்டும், அதெல்லாம் அறியாமை. மூன்றாவது கூட்டத்தில் நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பேசி முடித்ததும் கல்லூரி மாணவி ஒருத்தி கைபேசியோடு வந்தாள். "சார், இந்தப் படத்துல முகம் இருக்கே?"

இருந்தது. ஒட்டிய கோடு தெரிய, மூக்கு சற்றுச் சிதைந்த, சாதாரணமான முகம். கல்லை நான் நேரில் பார்த்ததில்லை. பழைய புத்தகப் படங்கள்தான். அந்த முகத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

"அது அருங்காட்சியகத்துக்காரங்க மாதிரிக்குச் செஞ்சு ஒட்டினதும்மா" என்றேன்.

"ஓ, அப்படியா சார்" என்று நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.